ஆல்டர் வண்டிக்கு ஆர்பிஎம் மீட்டர்: கடற்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லட்டை கஃபே ரேசர் ஆக்குகிறவர்கள், ஆர்எக்ஸ் 100-ஐ பிரித்துக் கட்டுகிறவர்கள், ஸ்பிளெண்டரை ஸ்க்ராம்ப்ளராக மாற்றுகிறவர்கள் என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோரம் முழுக்க ஆல்டர் வண்டிகள் ஓடுகின்றன. டேங்க், சீட், சைலன்சர் எல்லாம் முடிந்த பிறகு ஹேண்டில்பாரைப் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அப்போதுதான், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் மேல் ஆசை வரும். மீட்டர் வாங்குவது சுலபம். அது சரியாகக் காட்டுவதும், இந்த உப்புக் காற்றில் நிலைத்து நிற்பதும்தான் வேலை. மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு கேட்பவர்களே அதிகம் என்பதால், வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஒத்த சிலிண்டர் வண்டிக்கு ஆர்பிஎம் மீட்டர் எதுக்கு? சத்தத்துலயே தெரியாதா?

ஊருக்குள் ஓட்டும்போது தெரியும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறிப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம், இருபக்கமும் மறைப்பு கிடையாது. ஸ்பீடோமீட்டர் 50 காட்டும். டாப் கியரில் இன்ஜின் திணறுகிறதா, நிம்மதியாக ஓடுகிறதா என்று காது சொல்லாது. முள் 2000-க்குக் கீழே இறங்குவதைப் பார்த்தால் உடனே ஒரு கியர் குறைத்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆல்டர் பண்ணின வண்டியில் சைலன்சர் மாறியிருக்கும், ஸ்ப்ராக்கெட் பல் மாறியிருக்கும், டயர் அளவும் மாறியிருக்கும். பழைய வண்டியில் பழகிய காது இந்தப் புது வண்டியில் ஏமாறும். சத்தம் பெரிதாக வந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது என்று நினைத்துக் கியரைக் கூட்டிக்கொண்டே போய், குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜினை இழுக்க வைக்கிறார்கள் பலர். அதில் பேரிங்கும் பிஸ்டனும் அடி வாங்கும். அப்புறம் ஸ்லோ செட்டிங் (முறுக்காமல் விட்டால் இன்ஜின் ஓடும் வேகம், ஐடிலிங்) வைக்கவும் மீட்டர் உதவும். கார்புரேட்டர் வண்டியில் 'கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை' என்று ஊகத்தில் திருகாமல் எண்ணைப் பார்த்தே வைக்கலாம்.

கேபிள் மீட்டரா, எலக்ட்ரானிக் மீட்டரா?

இன்ஜினிலேயே டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் மீட்டரின் இன்னொரு பெயர்) கேபிளுக்கு இடம் இருந்தால் மட்டும் கேபிள் மீட்டர். ராஜ்தூத் 350 போன்ற பழைய வண்டிகளில் அது உண்டு. புல்லட்டிலும் ஸ்பிளெண்டரிலும் கிடையாது, எலக்ட்ரானிக்தான் வழி. கேபிள் மீட்டரில் இன்னொரு விஷயம்: இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் கேபிள் ஒரு சுற்று சுற்றும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு வண்டியின் மீட்டரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் முள் அசையும், ஆனால் எண் பொய்யாக இருக்கும்.

வாங்கும் முன் என் வண்டியைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இக்னிஷன், அதாவது பிளக்கில் தீப்பொறி விடும் அமைப்பு, எந்த வகை என்று. இதைத் தெரியாமல் வாங்கிய மீட்டர்தான் பாதிக்கு மேல் வீணாகிறது.

எலக்ட்ரானிக் மீட்டர் செய்வது எண்ணிக்கை மட்டும்தான். பிளக்கில் தீப்பொறி விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு வரும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி, அதை ஆர்பிஎம்மாக மாற்றிக் காட்டுகிறது. அந்தத் துடிப்பை எங்கிருந்து எடுக்கலாம் என்பதைத்தான் இக்னிஷன் வகை தீர்மானிக்கிறது.

வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். இக்னிஷன் காயிலைத் தேடுங்கள், பிளக் ஒயர் போய்ச் சேரும் இடம் அது. சாவியை ஆன் செய்து, கில் சுவிட்ச் இருந்தால் அதையும் ஆன் வைத்து, இன்ஜினை ஓட்டாமல் மல்டிமீட்டரின் கருப்பு முனையை ஃபிரேமிலும் சிவப்பு முனையைக் காயிலின் சின்ன ஒயர்களில் ஒவ்வொன்றாகவும் வையுங்கள். ஒன்றில் 12 வோல்ட் வந்தால் அது பாயிண்ட் வண்டி (திறந்து மூடும் தொடுமுனை பொறி விட வைப்பது) அல்லது டிசிஐ வண்டி (அதே வேலையை டிரான்சிஸ்டர் செய்வது). எதிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சிடிஐ (கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த கரண்டை ஒரேயடியாக விட்டுப் பொறி விடுவது). பாயிண்ட் வண்டியில் இந்தச் சோதனையைச் சட்டென்று முடித்துச் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் ரொம்ப நேரம் சாவி ஆனில் இருந்தால் காயில் சூடாகிப் போய்விடும்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் பாயிண்ட் வகை. யுசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) வந்த பிறகு டிசிஐ. இந்த இரண்டிலும் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து துடிப்பு எடுக்கலாம், பெரும்பாலான மீட்டர்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. ஆர்எக்ஸ் 100, கார்புரேட்டர் ஸ்பிளெண்டர், பழைய பல்சர் எல்லாம் சிடிஐ. சிடிஐ வண்டியில் காயிலுக்குப் போகும் ஒயரில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் சில நூறு வோல்ட் பாயும். 'சிடிஐக்கு ஏற்றது' என்று தாளில் எழுதாத மீட்டரை அதில் நேராகக் கொடுத்தால் முதல் கிக்கிலேயே உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். சிடிஐ வண்டிக்குப் பாதுகாப்பான வழி பிளக் ஒயரில் ஒயர் சுற்றி எடுப்பதுதான்.

பல்சர் காயிலிலிருந்து எடுக்கலாமா?

இது பல்சர் பைக்கின் காயில் அல்ல. மேக்னெட் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன பல்சர் காயில்தான் சிடிஐக்கு 'இப்போது பொறி விடு' என்று சொல்கிறது. அதன் சிக்னல் மெலிது. நல்ல மீட்டர் அதிலிருந்து மிகக் குறைவாகவே இழுக்கும், மலிவான மீட்டர் அதிகம் இழுத்துவிடும். அப்படி இழுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும், ஸ்லோவில் அணைந்துபோகும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

மீட்டர் ஐடிலிங்கில் 2800 காட்டுகிறது. ஏன்?

இரண்டு மடங்காக எண்ணுகிறது. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். கணக்குப்படி இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ஆனால் பல்சர் காயில் கிராங்கோடு சுற்றும் மேக்னெட்டைப் பார்த்து வேலை செய்கிற பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் வண்டிகளில், சுற்றுக்கு ஒரு பொறி விழும். ஒன்று பெட்ரோலை எரிக்கும், அடுத்தது எக்ஸாஸ்ட் வெளியேறும் நேரத்தில் சும்மா விழுந்து வீணாகும். இன்ஜினுக்கு அதனால் கெடுதல் இல்லை, மீட்டருக்குத்தான் குழப்பம். வார்ப்பிரும்பு புல்லட்டில் பாயிண்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு பொறி. ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக், அதில் சுற்றுக்கு ஒரு பொறி, அதில் வீணாவது எதுவும் இல்லை.

ஆக, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் வைத்த மீட்டரை சுற்றுக்கு ஒரு பொறி விடும் ஸ்பிளெண்டரில் மாட்டினால் 1400 இருக்க வேண்டிய இடத்தில் 2800 காட்டும். சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் வைத்ததை வார்ப்பிரும்பு புல்லட்டில் மாட்டினால் பாதி காட்டும். மீட்டரின் பின்பக்கச் சுவிட்ச் அல்லது முன்பக்கப் பொத்தானில் துடிப்புக் கணக்கை மாற்றும் வசதி இருக்கும். சிலவற்றில் சிலிண்டர் எண்ணிக்கை என்று எழுதியிருக்கும், சிலவற்றில் அரை, ஒன்று, இரண்டு என்று எண் வரும். மாற்றி மாற்றி வைத்து, கம்பெனி சொன்ன ஐடிலிங் எண்ணுக்கு எது பக்கத்தில் வருகிறதோ அதில் நிறுத்துங்கள். ஸ்பிளெண்டருக்கு 1400, கூடக் குறைய 100. புல்லட் யுசிஇ ஏறக்குறைய ஆயிரத்தில் நிற்கும். இந்த வசதியே இல்லாத மீட்டர் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பிளக் ஒயரில் சுற்றுவது எப்படி?

மீட்டரின் சிக்னல் ஒயரை பிளக் ஒயரின் ரப்பருக்கு மேலேயே சுற்ற வேண்டும். எதையும் வெட்டவோ உரிக்கவோ தேவையில்லை. இன்சுலேஷன் உள்ள மெல்லிய ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் கேப்பிலிருந்து நான்கைந்து விரல்கடை தள்ளி, இன்ஜின் ஃபின்னில் படாத இடமாகப் பார்த்து, ஒன்றையொன்று தொட்டபடி மூன்று சுற்று சுற்றுங்கள். மேலே ஒரு ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்குங்கள், அல்லது இரண்டு பக்கமும் கேபிள் டை. சுற்றின் நுனியை வெறுமனே விடாமல் மடக்கி ஸ்லீவுக்குள் மூடிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு ஈரம் அந்த நுனி வழியாகத்தான் உள்ளே போகும்.

முதலில் மூன்று சுற்று. ஸ்லோவில் எண் விட்டு விட்டு வந்தால் நான்கு, ஐந்து என்று கூட்டுங்கள். அதிக சுற்று போட்டால் நல்லது என்று பத்து, பதினைந்து சுற்றுகிறார்கள். அப்போது ஒரே பொறியை மீட்டர் இரண்டாக எண்ணும், முறுக்கினால் முள் தாறுமாறாகக் குதிக்கும். சுற்றின இடத்திலிருந்து மீட்டர் வரை ஒயர் போகும் வழியும் முக்கியம். பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஃபிரேமின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் அல்லது 5 கிலோ ஓம் கேப் போட்டால் தேவையில்லாத இரைச்சல் சிக்னல் பெருமளவு அடங்கும். என்ஜிகே பிளக்குகளில் பெயருக்கு நடுவே 'ஆர்' எழுத்து வந்தால் அது ரெசிஸ்டர் பிளக்.

இன்ஜின் ஓடும்போது இந்த இடத்தில் கை வைக்காதீர்கள். பிளக் ஒயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ரப்பர் வெடித்த பழைய ஒயர் என்றால் மேலே சுற்றும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

கரண்ட் எங்கிருந்து கொடுப்பது?

சாவி ஆன் செய்தால் மட்டும் 12 வோல்ட் டிசி வரும் ஒயரிலிருந்து. ஹாரன், பிரேக் லைட் சுவிட்சுக்குப் போகும் ஒயர் பெரும்பாலும் சரியாக இருக்கும், மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுக்காதீர்கள்: பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஏசி கரண்ட்தான் போகிறது, மீட்டருக்கு அது ஆகாது. எர்த்தை ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்டில் கட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். ஸ்டீரிங் பேரிங்கின் கிரீஸ் வழியாக எர்த் ஒழுங்காக வராது. பேட்டரி நெகட்டிவிலிருந்தோ மெயின் எர்த் போல்ட்டிலிருந்தோ தனி ஒயர் இழுங்கள்.

காக்கா, என் வண்டியில் மீட்டர் ஆறு மாசத்தில் நின்றுவிட்டது. மீட்டர் மோசமா?

கீழக்கரைத் தம்பி கேட்டது, அங்கே 'காக்கா' என்றால் அண்ணன். இங்கே நின்றுபோகிற மீட்டர்களில் பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒயர் செத்திருக்கும்.

நின்றுபோன மீட்டரின் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினால் ஒரு வாரம் ஓடும், மறுபடி நிற்கும். காரணம் பின்னில் மட்டும் இல்லை. ஒயரின் இன்சுலேஷனை ஒரு அங்குலம் உரியுங்கள், உள்ளே செம்பு இழைகள் கருத்திருக்கும். இன்னொரு அங்குலம் உரித்தாலும் கருப்புதான். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறி உள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது. இழைகள் பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் இணைக்க வேண்டும். கருத்த செம்பில் ஈயமும் ஒட்டாது.

புதிதாகப் போடும்போதே இதையெல்லாம் செய்துவிடுங்கள்:

சாதாரணச் செம்பு ஒயருக்குப் பதில் வெள்ளீயம் பூசின செம்பு ஒயர் போடுங்கள். படகு ஒயரிங் செய்கிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வெள்ளி மாதிரி நிறத்தில் இருக்கும், களிம்பு சுலபத்தில் பிடிக்காது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். இந்த வெயிலில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும், உள்ளே தண்ணீர் தேங்கும். அழுத்தி இறுக்கும் லக் போட்டு, உள்ளே பசை உள்ள ஸ்லீவால் மூடுங்கள். சூடாக்கும்போது ஓரத்தில் பசை கசிந்து வந்தால் நன்றாக மூடிவிட்டது என்று அர்த்தம்.

கப்ளர் பின்களில் மெல்லியதாக வாசலின் அல்லது சிலிக்கான் கிரீஸ். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, லக்கை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஓட்டை அடைக்க ஹார்டுவேர் கடை சிலிக்கான் பசையை எடுக்காதீர்கள். பிழியும்போது வினிகர் போலப் புளித்த வாடை வருகிற வகை காயும்போது அமிலம் விடும், அந்த அமிலமே செம்பை அரிக்கும். வாடை வராத நியூட்ரல் வகை கிடைக்கிறது.

வண்டி கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். தீவுப் பக்கமும் கரையோரமும் பல இடங்களில் போர் தண்ணீர் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைப் பூசிக் காயவிட்ட மாதிரிதான். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மீன் பெட்டி கட்டும் வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் வடியும் பாதையில் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. தனுஷ்கோடி ரோட்டில் போய்வந்த பிறகும், வாடைக் காற்று மாதங்களிலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மீட்டர் கண்ணாடிக்குள் பனி பூக்கிறது. சிலிக்கான் வைத்து முழுதாக அடைத்துவிடலாமா?

வேண்டாம். பல மீட்டர்களின் அடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை விட்டிருப்பார்கள், உள்ளே சேர்ந்த ஈரம் அந்த வழியாகத்தான் வெளியேறும். அதையும் அடைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு போர்டை அரிக்கும். துளை கீழ்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டுங்கள், மேல் கண்ணாடி ஓரத்தை மட்டும் அடையுங்கள். அதோடு, வாங்கும்போதே ஐபி 67 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறி) என்று தரம் குறித்த மீட்டராகப் பாருங்கள்.

முள் மீட்டரா, டிஜிட்டலா?

இந்த ஊர் வெயிலுக்கு முள் மீட்டர், கருப்புத் தகட்டில் வெள்ளை எண். எல்சிடி திரை மதிய வெயிலில் நிறுத்தி வைத்தால் சூடேறிக் கருத்துவிடும், ஆறினால்தான் திரும்பும். சில கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் எல்சிடி மங்கலாகவோ முற்றிலும் கருப்பாகவோ தெரியும். ஆர்பிஎம்மில் நாம் பார்ப்பதும் எண்ணை அல்ல, முள் நிற்கும் இடத்தை. ஓரக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

புல்லட் அதிர்வுக்கு ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் டி ஸ்டெம்மில் நேராக போல்ட் அடித்தால் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

போட்டில் இருந்து கழற்றின ஆர்பிஎம் மீட்டர் வீட்டில் கிடக்கிறது. அதை மாட்டலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகு வேலைகளோடு பைக் வேலைகளும் நடக்கும், இந்தக் கேள்வியும் அப்போது வரும். படகு மீட்டரின் கட்டுமானம் உப்புக்குத் தாங்கும். ஆனால் டீசல் இன்ஜினில் தீப்பொறியே கிடையாது. அதன் மீட்டர் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்தோ ஃப்ளைவீல் பற்களைப் பார்க்கும் சென்சாரிலிருந்தோ சிக்னல் எடுக்கும். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பல துடிப்புகள் வரும். பைக்கில் சுற்றுக்கு ஒன்றுதான் வரும் என்பதால் முள் எழும்பவே எழும்பாது. அளவுகோலும் பெரும்பாலும் 4000-இலேயே முடிந்துவிடும். அந்த மீட்டரைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் புல்லட்டுக்கு?

பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை, சுற்றவும் இடம் இல்லை. சுற்றும் பாகம் ஒன்றில் சின்னக் காந்தம் ஒட்டி, எதிரே ஹால் சென்சார் வைக்கிற மீட்டர் மட்டும்தான் வழி. லேத் வேலை தெரிந்தவரிடம் சென்சாருக்கு உறுதியான பிராக்கெட் செய்து வாங்குங்கள்.

பிஎஸ்6 வண்டி, புது கிளாசிக் 350. கை வைக்கலாமா?

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற வண்டிகள் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. இன்ஜெக்ஷன், இக்னிஷன் இரண்டையும் ஈசியு (வண்டியின் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்கிறது. ஈசியுவுக்குப் போகும் எந்த ஒயரையும் வெட்டாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். வாரண்டி போவது ஒரு பக்கம், ஒரு தவறான இணைப்பில் ஈசியுவே போய்விட்டால் அதன் விலைக்குப் பழைய வண்டி ஒன்றே வாங்கலாம். பிளக் ஒயர் சுற்று முறை இதற்கும் பொருந்தும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. கரண்டுக்கும் ஒயரை உரிக்காமல், பொருத்தமான கப்ளர் வைத்து இடையில் மாட்டுங்கள்.

காட்டுகிற எண் சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஐடிலிங் எண்ணை ஒப்பிடுவது முதல் படி. மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருந்தால், வண்டி ஓடும்போது பல்சர் காயில் ஒயரில் வைத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்றால் வரும் எண்ணை 60-ஆல் பெருக்குங்கள். 20 ஹெர்ட்ஸ் என்றால் 1200 ஆர்பிஎம்.

ரோட்டில் சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பின் டயரின் சுற்றளவு தெரிய வேண்டும்: டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்தால் போதும். 110/90-18 டயருக்கு ஏறக்குறைய 2.06 மீட்டர் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 1000 மீட்டர் ஓடுகிறது. 1000-ஐ 2.06-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 485 சுற்று. இதை டாப் கியரின் மொத்த விகிதத்தால், அதாவது பிரைமரி, கியர், செயின் மூன்றையும் பெருக்கி வருவதால், பெருக்குங்கள். மொத்த விகிதம் 6 என்றால் 2910 ஆர்பிஎம். மீட்டர் அதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. ஸ்ப்ராக்கெட் மாற்றியிருந்தால் புதுப் பல் எண்ணிக்கையைப் போட மறக்காதீர்கள். வேகத்துக்கு ஸ்பீடோமீட்டரை நம்பாமல் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்தவர் போனைப் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுகிறவர் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும், அரிச்சல்முனை ரோட்டில் திடீரென்று மணல் ஏறிக் கிடக்கும்.

சிவப்புக் கோடு எங்கே வைப்பது?

மீட்டரில் அச்சடித்திருக்கும் சிவப்புக் கோடு உங்கள் வண்டிக்கானது அல்ல. 13,000 வரை அளவு போட்டு 11,000-இல் சிவப்பு வைத்த மீட்டரைப் புல்லட்டில் மாட்டினால் முள் கால்வாசி இடத்திலேயே வாழ்ந்து முடித்துவிடும். 8000 வரை அளவுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கம்பெனி சொல்லும் அதிகபட்ச பவர் எந்த ஆர்பிஎம்மில் என்பது நல்ல அடையாளம். யுசிஇ கிளாசிக் 350-க்கு 5250, 2021-இல் வந்த புது கிளாசிக்குக்கு 6100. இரண்டுக்கும் இழுவை உச்சம் 4000-இல். ஆர்எக்ஸ் 100-க்கு பவர் 7500-இல், ஸ்பிளெண்டருக்கு 8000-இல். பவர் உச்சத்தில் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முறுக்குவதில் சத்தம்தான் கூடும், பவர் கூடாது.

முறுக்கும்போது முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. என்ன பார்ப்பது?

முதலில் சிக்னல் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் மீட்டர் சிக்னலை அதிகமாக இழுக்கிறது, எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். மிஸ்ஸிங் தொடர்ந்தால் அது மீட்டரோடு சம்பந்தப்பட்டதே இல்லை.

முள் மட்டும் விழுகிறது, இன்ஜின் சரியாக ஓடுகிறது என்றால் அதிர்வில் விட்டு விட்டுப் பிடிக்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. சந்தேகப்படும் முதல் ஆள் எர்த். வண்டியை ஸ்லோவில் விட்டு, பிளக் ஒயர் பக்கம் போகாமல், மற்ற ஒயர்களை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பாருங்கள், ஹேண்டிலையும் இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஸ்டீரிங் கழுத்துக்குப் பக்கத்தில் ஒயர் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கும்.

அண்ணன் துபாயில் இருக்கான், வண்டி ஷெட்டில் நிக்குது. மீட்டர் மாட்டினதுல இருந்து பேட்டரி இறங்கிடுது.

மீட்டரின் விளக்கு ஒயர் அல்லது நினைவக ஒயர் பேட்டரியில் நேராக இருக்கும். 50 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். புல்லட்டின் 14 ஆம்பியர் அவர் பேட்டரி பன்னிரண்டு நாளுக்குள் காலி, ஸ்பிளெண்டரின் 3 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டரை நாளில். எல்லா ஒயரையும் சாவி ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்குக் கொண்டுவாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

ஆர்எக்ஸில் பேட்டரியே எடுத்துட்டேன். மீட்டர் ஓடுமா?

ஒழுங்காக ஓடாது. பேட்டரி இல்லாத லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மீட்டர் அணைந்து அணைந்து எரியும், ஏதாவது ஒரு நாள் போயும்விடும். சின்ன பேட்டரி ஒன்றைச் சீட்டுக்கடியில் திரும்ப வையுங்கள்.

ஆர்டிஓ, போலீஸ் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி விவரங்கள் கம்பெனியின் மூல விவரங்களுக்கு மாறாகப் போகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கூடுதலாக ஒரு மீட்டர் மாட்டுவது இன்ஜின், சேசிஸ், நிறம் என்று ஆர்சியில் இருக்கும் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் ஸ்பீடோமீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆர்பிஎம் மீட்டர் வைக்காதீர்கள். ஸ்பீடோமீட்டர் வண்டியில் இருந்தாக வேண்டும். டிஎன் 65 வண்டிகள் பாம்பன் பக்கம் நிறுத்தப்படுவது பெரும்பாலும் சைலன்சர் சத்தத்துக்கும் நம்பர் பிளேட்டுக்கும்தான், அதையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் மீட்டர் வாங்கலாமா?

முள் மீட்டர் என்றால் வாங்கலாம், ஆனால் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரியில் கரண்ட் கொடுத்து, சிக்னல் ஒயரை ஓடும் வண்டி ஒன்றின் பிளக் ஒயரில் சுற்றச் சொல்லி, ஸ்லோவிலும் முறுக்கியும் பாருங்கள். சாவியை ஆஃப் செய்தால் முள் பூஜ்யத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். ஒயர் வெளியே வரும் ரப்பரை ஒதுக்கி, அந்த இடத்தில் செம்பின் நிறத்தைப் பாருங்கள். கருத்திருந்தால் களிம்பு உள்ளே வரை போய்விட்டது, விலை குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். துடிப்புக் கணக்கை மாற்றும் சுவிட்ச் எங்கே என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள், தாள் இல்லாமல் அதைத் தேடுவது பெரும்பாடு.